பட்டியலில் பேர் இல்லை: திறனறித் தேர்வில் எதற்கு முறையிடலாம், எதற்கு முடியாது

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வின் முடிவு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டித்தான் வருகிறது. தலைமையாசிரியர் பட்டியலைத் திறந்து பார்க்கிறார், பிள்ளையின் பேர் இல்லை. வீட்டில் எழும் முதல் கேள்வி, "யாரைப் போய்ப் பார்க்கணும்?" காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இங்கே பல பள்ளிகள் நகரத்தார் அறக்கட்டளைகள் கட்டியவை. டிரஸ்டியைத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஆனால் சென்னையில் கணினி போடும் பட்டியலை எந்தச் சிபாரிசுக் கடிதமும் அசைக்காது. அந்தக் கடிதத்துக்கு அலையும் ஒரு வாரத்தில், உண்மையிலேயே முறையிடக்கூடிய கெடு கடந்துபோகிறது.

முதலில் தெரிய வேண்டியது, பிள்ளை எந்த இடத்தில் நின்றது என்பது. விண்ணப்பத்திலேயே விழுந்ததா, விடைத்தாளிலா, பட்டியலின் கீழ்க்கோட்டிலா (கட்-ஆஃப்), அல்லது தேர்வாகிவிட்டு அதன் பிறகு இணையப் பதிவிலா? ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு, கெடு வேறு, கேட்கும் விதமும் வேறு. "என் பிள்ளை நன்றாகப் படிக்கும்" என்ற வாதம் நான்கில் எதிலும் எடுபடுவதில்லை. அது பொய் என்பதால் இல்லை, அதை எடைபோடும் அதிகாரம் அங்கே உட்கார்ந்திருக்கும் எவருக்கும் கிடையாது என்பதால்.

என்ன தேர்வு, எவ்வளவு பணம்

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் திட்டம் (என்.எம்.எம்.எஸ்.) 2008இல் ஒன்றிய அரசு தொடங்கியது. நாடு முழுக்க ஆண்டுக்கு 1 லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். தேர்வான பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், நான்காண்டில் 48,000. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆகியவற்றில் படிப்பவர் மட்டுமே எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50.

"உதவிபெறும்" என்ற சொல்லில் இந்தப் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே அறக்கட்டளை, ஒரே மதில் சுவர், உள்ளே உதவிபெறும் பள்ளியும் இருக்கும், மெட்ரிக் பள்ளியும் இருக்கும். பேரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மெட்ரிக் பள்ளிப் பதிவேட்டில் பேர் உள்ள பிள்ளைக்கு இந்தத் தேர்வு கிடையாது. இதில் முறையீட்டுக்கு இடமே இல்லை. பள்ளியின் யுடைஸ் எண்ணை, அதாவது அரசுப் பதிவில் ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள எண்ணைக் கேட்டு, அது எந்த வகைப் பள்ளியாகப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேர்வு இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, தாளுக்கு 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. மொத்தம் 180க்கு 40 விழுக்காடு, அதாவது 72 எடுத்தால் தகுதி, எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 விழுக்காடு. இங்கேதான் பெரும்பாலான மனக்குறை பிறக்கிறது. 72 என்பது உள்ளே நுழையும் வாசல். அதைத் தாண்டியவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, இட ஒதுக்கீட்டுப்படி இருக்கும் இடங்கள் வரைதான் எடுப்பார்கள். 95 எடுத்த பிள்ளையின் பேர் பட்டியலில் இல்லாவிட்டால் அதில் தவறு நடந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

விண்ணப்பத்தில் விழுந்தால்

இந்தத் தேர்வுக்குப் பெற்றோர் நேராக விண்ணப்பிப்பதில்லை. நிரப்பிய படிவத்தைக் கட்டணத்தோடு பள்ளியில் கொடுக்க, தலைமையாசிரியர்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்தில் ஏற்றுவார். பெயர், பிறந்த தேதி, இனம், பாலினம், மாற்றுத்திறன், வருமானம் ஆகியவை அங்கே தட்டச்சு ஆகும்போது பிழை நுழைகிறது. எம்பிசி பிள்ளை பிசி என்று ஏறிவிட்டால் போட்டி போடும் வரிசையே மாறிவிடும். தேர்வு முடிந்தபின் சாதிச் சான்றிதழைக் காட்டி வரிசையை மாற்றச் சொல்வது மிகக் கடினம்.

எனவே பதிவேற்றம் நடந்த நாளிலேயே, ஏற்றிய விண்ணப்பத்தின் அச்சுப்படி ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். "சார், ஒரு பிரிண்ட் கொடுங்க, வீட்ல சான்றிதழோட ஒத்துப் பார்த்துட்டுக் கொண்டாறேன்" என்றால் எந்தத் தலைமையாசிரியரும் மறுக்கமாட்டார். பிழை இருந்தால் அவருக்கும் தலைவலிதான். கெடுவுக்குள் அவரே திருத்தலாம். கெடு முடிந்தபின் தெரிந்தால் தலைமையாசிரியர் கடிதம், சான்றிதழ் நகல், அச்சுப்படி மூன்றையும் சேர்த்து மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக அனுப்ப வேண்டும். தேர்வுக்கு முன்பு போனால் பலன் உண்டு.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று நகரும். அப்பா சிங்கப்பூரில், பிள்ளை ஆயா (பாட்டி) வீட்டில் என்பது இங்கே சாதாரணம். வெளிநாட்டுச் சம்பளமும் பெற்றோர் வருமானம்தான். ஆயாவின் பேரில் சான்றிதழ் வாங்கி இணைத்தால் பின்னால் சரிபார்ப்பில் நிற்கும். இன்னொன்று, பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு அதிலேயே குடியிருக்கும் குடும்பங்கள். கதவு எண்ணைப் பார்த்து "இந்த வீட்டிலா?" என்ற கேள்வி வரலாம். குடும்ப அட்டையும், கூலியோ சம்பளமோ எவ்வளவு என்று எழுதிய உறுதிமொழியும் கையில் இருந்தால் பேச்சு அங்கேயே முடியும்.

விடைக்குறிப்பில் தவறு என்றால்

தேர்வு முடிந்த சில நாளில் இயக்ககம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். ஆட்சேபம் சொல்லச் சில நாள்தான் அவகாசம். மொத்த வரிசையையும் மாற்றக்கூடிய ஒரே முறையீடு இதுதான், ஆனால் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. முடிவு வரும்வரை காத்திருந்து, அதன்பின் "37ஆம் கேள்விக்கு விடை தப்பு" என்று கிளம்புவதால் ஒரு பயனும் இல்லை. பிள்ளை தேர்வெழுதி வந்த அன்றைக்கே, எந்தக் கேள்விக்கு எந்த விடையை நிரப்பியது என்று ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். இரண்டு நாள் போனால் நினைவு நழுவிவிடும்.

எந்த ஆட்சேபம் நிற்கும்? உச்ச நீதிமன்றம் 1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் ஓர் அளவுகோலைச் சொன்னது. விடைக்குறிப்பு சரியென்றே கொள்ளப்படும். அது தவறு என்பது வாதத்தால் இழுத்துக் காட்டாமல் பார்த்தவுடன் புலப்பட வேண்டும், அந்தப் பாடம் தெரிந்த யாரும் அதைச் சரியென்று ஏற்க முடியாததாக இருக்க வேண்டும். இன்றும் நீதிமன்றங்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

இதை வைத்து ஒரு மனத்திறன் கேள்வியைப் பார்க்கலாம். 2, 4, 8 என்ற வரிசையில் அடுத்த எண் என்ன? இரட்டித்துக்கொண்டே போனால் 16. வித்தியாசம் 2, 4, 6 என்று கூடிக்கொண்டு போவதாகக் கொண்டால் 14. இரண்டும் விருப்பங்களில் இருந்து, குறிப்பு 16 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். "16 தவறு" என்று எழுதினால் தோற்போம், ஏனென்றால் 16ஐ ஏற்கும் ஆசிரியர்கள் ஏராளம். "14க்கும் இன்ன விதி பொருந்துகிறது, இரண்டு விடைக்கும் மதிப்பெண் தருக" என்று கேட்பதே சரி. அதுவும் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். அறிவியலிலோ சமூக அறிவியலிலோ அரசுப் பாடநூலுக்கு நேர்மாறாகக் குறிப்பு இருந்தால் மட்டும் கை ஓங்கியிருக்கும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "படிப்பறிவுத் தாள், வினா எண் இன்னது. தற்காலிகக் குறிப்பில் விடை (ஆ). எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூல், இந்தப் பாடம், இந்தப் பக்கம், இந்த வரியின்படி விடை (இ). பக்கத்தின் நகல் இணைப்பு." இவ்வளவுதான். ஒரு கேள்விக்கு ஒரு தாள். கோச்சிங் சென்டர் கையேட்டை ஆதாரமாக வைத்தால் வலு போய்விடும். தமிழ்வழி, ஆங்கிலவழி நூல்களில் வாசகம் வேறுபட்டால் இரண்டின் பக்கத்தையும் வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் கேள்வி திரிந்துபோவது அபூர்வமல்ல, அது நல்ல ஆட்சேபமும்கூட.

விடைத்தாளைப் பார்க்க

பதிவெண் வட்டத்தைத் தப்பாக நிரப்பியிருக்கலாம், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு அதற்குப் பின் எல்லாவற்றையும் ஒரு வரி கீழே நிரப்பியிருக்கலாம். நன்றாக எழுதிய பிள்ளைக்கு 40, 50 என்று மதிப்பெண் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விடைத்தாள் கேட்கலாம். தேர்வெழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

மனு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்திட்டு, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பல மனுக்கள் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில். "என் மகன் ஏன் தேர்வாகவில்லை?" என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஏன் என்பது ஆவணம் ஆகாது. ஓ.எம்.ஆர். தாளின் (வட்டம் நிரப்பிய விடைத்தாள்) நகல், இறுதி விடைக்குறிப்பு, இரண்டு தாளின் மதிப்பெண், அதே இனப்பிரிவில் கடைசியாகத் தேர்வானவர் எடுத்த மதிப்பெண் என்று நான்கையும் எண்ணிட்டுக் கேட்க வேண்டும். கடைசியாகத் தேர்வானவரின் பேரைக் கேட்டால் தனியுரிமை என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். மதிப்பெண் மட்டும் போதும். நகல் கைக்கு வர ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். வட்டம் ஒரு வரி இறங்கி நிரம்பியிருப்பது அதில் தெரிந்தால், அது பிள்ளையின் பிழை. எவரும் திருத்தித் தரமாட்டார்கள். கணினி ஒரு விடையைப் படிக்கத் தவறியிருந்தாலோ கூட்டல் மாறியிருந்தாலோ மட்டும்தான் அடுத்த கடிதம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும் உதவித்தொகைக்கு வக்கீல் கட்டணம் எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

தேர்வானபின் தொலைந்துபோவது

பேர் பட்டியலில் இருந்தும் பணம் வராத பிள்ளைகள் உண்டு. முறையிட்டால் அதிகம் பலிக்கும் இடம் இதுதான். ஆனால் இதை ஒரு நிராகரிப்பாகவே பலர் நினைப்பதில்லை.

கிராமங்களில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ, அல்லது மாவட்டம் தாண்டி இராயவரமோ, ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போகிறது. முடிவு பழைய பள்ளிக்கு வருகிறது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டியதோ புதிய பள்ளியில். பழைய தலைமையாசிரியர் விடுமுறையில் இருப்பார், புதியவருக்கு இந்தப் பிள்ளை தேர்வானதே தெரியாது. தளம் மூடும்வரை யாரும் தொடாமல் கிடந்து, இடம் வீணாகிப் போகிறது. பட்டியலில் பேர் வந்த பக்கத்தை அச்செடுத்து, பதிவெண்ணை வட்டமிட்டு, ஜூன் மாதம் சேர்க்கைக்குப் போகும்போதே புதிய வகுப்பாசிரியர் கையில் கொடுப்பது பெற்றோரின் வேலை.

பதிவின்போது விழும் பெரிய அடி, பெயர். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், பின்னாலும் வரும், சில சமயம் அப்பா பெயராகவே விரியும். பள்ளிப் பதிவேட்டில் 'மு. கவின்', ஆதாரில் 'கவின் முருகன்', வங்கியில் 'கவின் எம்' என்று இருந்தால் விண்ணப்பம் குறையுள்ளது என்று திரும்பும். திரும்பிய விண்ணப்பத்தைக் கெடுவுக்குள் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் திரும்பியது உடனே கண்ணில் படாமல் போகலாம். வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பார்க்க வேண்டும். சரிபார்ப்பு இரண்டு கட்டம்: பள்ளியின் பொறுப்பு அலுவலர், பிறகு மாவட்ட அலுவலர். முதல் கட்டத்தில் நிற்கிறதா, இரண்டாவதிலா என்று தெரிந்துகொண்டு அந்த மேசைக்குப் போனால் ஒரே நாளில் முடியும் வேலை இது.

அடுத்தது வங்கி. கணக்கு பிள்ளையின் பேரில், நடப்பில், ஆதாரோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டோம் என்பது போதாது. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்று காட்டும் இணைப்பு தனி. 'மை ஆதார்' தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். எப்போதோ திறந்து மறந்த வேறொரு கணக்கு அங்கே இருந்தால் பணம் அங்கே போய்க் கிடக்கும்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55. பத்து முடித்துத் தனியார் மெட்ரிக் பள்ளிக்கு மாறினால் மீதி இரண்டாண்டுப் பணம் நின்றுவிடும். இதற்கு முறையீடு இல்லை.

பள்ளியில் நகராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, முதல்வரின் முகவரி 1100, அல்லது திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியரகத்தில் குறைதீர் கூட்டம். மூன்றிலும் கொடுக்க வேண்டியது கதை அல்ல: விண்ணப்ப எண், எந்தக் கட்டத்தில் எத்தனை நாளாக நிற்கிறது, கேட்பது என்ன. மூன்று வரி.

மாநகராட்சி வந்ததால் மாறியது

ஒன்பதாம் வகுப்புக்கு உள்ள ஊரகத் திறனாய்வுத் தேர்வு வேறு கணக்கு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள். தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. பார்த்தால் இன்றும் கிராமம்தான், கண்மாயும் பொட்டலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது. அண்ணன் எழுதிய தேர்வைத் தம்பி எழுத முடியாமல் போவது இப்படித்தான். அந்தந்த ஆண்டு அறிவிப்பைத் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து வாசிப்பது தவிர வழியில்லை.

பள்ளிக்குள்ளேயே 'சிறப்புப் பிரிவு'

தனியார் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் பேட்ச், ஒலிம்பியாட் பேட்ச் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையைத் தேர்வு வைத்து வடிகட்டக்கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000, அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அது சேர்க்கைக்கு. சேர்ந்தபின் பள்ளி எந்தப் பிரிவில் உட்காரவைக்கிறது என்பதில் அந்தச் சட்டப் பிரிவை வைத்துச் சண்டை போட்டால் நிற்காது. இங்கே நடப்பது சட்டச் சண்டை ஆகாது, பேச்சுவார்த்தைதான்.

கேட்க வேண்டியவை: எந்தத் தேர்வு, பாடவாரியாக எவ்வளவு, கீழ்க்கோடு எவ்வளவு, ஆண்டு நடுவில் சேர்க்கும் வழக்கம் உண்டா. இதைத் தெரிந்துகொள்ளாமல் நேராகத் தாளாளரிடம் போனால், கீழே உள்ள ஒருங்கிணைப்பாளர் பிள்ளையை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்வார், நல்ல விதமாக இல்லை. காட்ட வேண்டியது பரிசுக் கோப்பையும் சான்றிதழும் இல்லை. பாடத்துக்கு வெளியே தானாகப் போட்டுப் பார்த்த கணக்குகள் உள்ள நோட்டு ஒன்று அதைவிடப் பேசும். தேர்வன்று காய்ச்சல், கரும்பலகை மங்கலாகத் தெரியும் கண், தமிழ்வழியிலிருந்து மாறி வந்த முதல் ஆண்டு ஆகியவை நியாயமான காரணங்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் கொடுத்தால் மறுதேர்வு கேட்கலாம். "முழுப் பிரிவிலும் சேர்க்க வேண்டாம், கணக்கு வகுப்புக்கு மட்டும் ஒரு பருவம் உட்கார வையுங்கள், பருவத் தேர்வில் பார்ப்போம்" என்று கேட்பது பள்ளிக்கு ஒத்துக்கொள்ள எளிது.

சிலர் இந்தக் கட்டத்தில் பிள்ளையை ஐ.க்யூ. சோதனைக்கு அழைத்துப் போகிறார்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் எடுத்த அறிக்கைதான் செல்லும். எந்தச் சோதனையிலும் சில புள்ளிகள் இப்படி அப்படி ஆடும், அறிக்கையில் அந்த வீச்சும் அச்சாகியிருக்கும். 127க்கும் 130க்கும் நடுவில் ஒன்றுமில்லை என்று எடுத்துச் சொல்ல அது உதவும். ஆனால் அதே சோதனையைச் சில மாதத்தில் திரும்ப எடுத்தால் பழக்கத்தால் எண் ஏறும், விவரம் தெரிந்த பள்ளி அதை ஏற்காது. நம் பக்கத்துப் பள்ளிகள் தங்கள் சொந்தத் தேர்வையே பார்க்கின்றன. பணம் கட்டும் முன், அறிக்கை கொண்டுவந்தால் பார்ப்பீர்களா என்று பள்ளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.